சேரப்பணஞ்சேரி: ஷிஃப்ட் முடிந்த பிறகு ஒரு பாட்டு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்தை நெருங்கும்போது வரும் ஊர் சேரப்பணஞ்சேரி. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஜன்னலுக்கு வெளியே ஓடி மறையும் ஒரு பெயர்ப்பலகை. சொந்த வண்டியில் போகிறவர்களோ, முன்னால் போகும் டிரெய்லர் லாரியை எப்படி முந்துவது என்ற கவலையிலேயே ஊரைக் கடந்துவிடுவார்கள்.

ஒரு நாள் இறங்கி நின்றால் தெரியும், இது காதுக்கு நிறைய வேலை கொடுக்கும் ஊர்.

விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கிவிடும். கழுத்தில் அடையாள அட்டையும், தோளில் சாப்பாட்டுப் பையுமாக ஒரு கூட்டம் ஏறும். நைட் ஷிஃப்ட் முடிந்த இன்னொரு கூட்டம் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கும். டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் மோதும். கோயில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. ஒரு செல்போனில் போஜ்புரி, இன்னொன்றில் ஒடியா, மூன்றாவதில் இளையராஜா. எல்லாவற்றையும் மூடிக்கொண்டு லாரி ஹாரன். பத்து நிமிஷத்தில் இத்தனை ஓசையும் அடங்கி, ஊர் மறுபடி ஊராகிவிடும். அடுத்த ஷிஃப்ட் மாறும்வரை.

ஏரிகளும் நெல் வயல்களுமாக இருந்த பூமி இது. இப்போது ஏரிக்கரையை ஒட்டி வேலி, வேலிக்குப் பின்னால் தொழிற்சாலைக் கூரை, அதற்கு எதிரே "ஆண்களுக்கு ரூம் வாடகைக்கு" என்று போன் நம்பரோடு ஒரு அட்டை.

இந்தியாவின் டெட்ராய்ட்

இந்த மாற்றத்தின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1998ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறக்கப்பட்டது. 2012ல் டைம்லரின் லாரித் தொழிற்சாலை. 2013ல் ராயல் என்ஃபீல்டு. டயர், கண்ணாடி, சீட், பம்பர், செல்போன் என்று சின்னதும் பெரியதுமாகத் துணைத் தொழில்கள் சுற்றிலும் முளைத்தன. சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் இடம்தான் ஒரகடம். அந்த வெட்டுமுனையைச் சுற்றியே இவ்வளவும்.

அதனால்தான் சென்னைக்கு 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பட்டப்பெயர். முதலீட்டாளர் மாநாட்டு மேடைகளிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டோம். டெட்ராய்ட் என்றால் கார். அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் இருக்கும் அந்த நிஜ டெட்ராய்ட்டைப் பற்றி உலகத்தில் பாட்டுக் கேட்கிற யாரிடமாவது கேட்டால், காருக்கு அடுத்த மூச்சிலேயே அவர் சொல்வது பாட்டைத்தான். ஸோல், ஃபங்க் என்று இன்று உலகமே ஆடும் இசையின் தலைநகரங்களில் அது ஒன்று. அந்தப் பாட்டு வந்தது கார்த் தொழிற்சாலை வாசலிலிருந்து. சேரப்பணஞ்சேரிக்காரர்கள் அறிந்துகொள்ளவேண்டிய கதை அது.

கார் செய்வதுபோலப் பாட்டு செய்தவர்

1913ல் ஹென்றி ஃபோர்டு டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தார். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டுவதற்கு 12½ மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அது ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய கூலி.

செய்தி பரவியதும் தென் மாநிலங்களில் பருத்திக்காட்டில் உழைத்துக்கொண்டிருந்த கறுப்பின மக்கள் குடும்பம் குடும்பமாக ரயில் ஏறினார்கள். 1910ல் டெட்ராய்ட்டில் சுமார் 6,000 பேராக இருந்த கறுப்பின மக்கள்தொகை 1930ல் 1,20,000 ஆனது. வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு தங்கள் பாட்டையும் கொண்டுவந்தார்கள். சர்ச்சில் பாடும் பக்திப் பாட்டு, வயலில் பாடிய துயரப் பாட்டு, சனிக்கிழமை இரவு ஆட்டத்துக்கான பாட்டு.

அப்படி வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை பெர்ரி கார்டி. 1955ல் ஃபோர்டின் லிங்கன்–மெர்க்குரி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். கார்களுக்குள் உறை பொருத்தும் வேலை, வாரத்துக்கு 86 டாலர் 40 சென்ட் சம்பளம். கை ஒரு பக்கம் வேலை செய்ய, மனசுக்குள் மெட்டுக் கட்டிக்கொண்டே இருப்பாராம். வெறும் இரும்புச் சட்டமாக ஒரு முனையில் நுழைவது மறுமுனையில் பளபளவென்று புது காராக வெளியே போவதைத் தினமும் பார்த்தவருக்கு ஒரு யோசனை: பாடகர்களையும் இப்படி உருவாக்க முடியாதா? தெருவிலிருந்து ஒரு பையன் இந்த வாசலில் நுழைந்து, அந்த வாசலில் நட்சத்திரமாக வெளியே போகக் கூடாதா?

1959ல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கிக் கம்பெனி தொடங்கினார். பெயர் 'மோட்டவுன்'. 'மோட்டார் டவுன்' என்பதன் சுருக்கம். மேற்கு கிராண்ட் புலிவார்டு என்ற தெருவில் ஒரு சாதாரண வீடு. அதன் பின்கட்டில் ஒலிப்பதிவுக் கூடம். அந்தக் கூடம் ஒரு நாளைக்கு 22 மணி நேரம் திறந்திருந்தது. பாட்டுக்கு ஒருவர், மெட்டுக்கு ஒருவர், நடை உடை சொல்லித்தர ஒருவர் என்று வேலை பிரிக்கப்பட்டது. எந்தப் பாட்டு வெளியே போகலாம் என்று முடிவுசெய்ய வாராவாரம் கூட்டம். அதற்குப் பெயரே தொழிற்சாலையில் வைப்பதுபோல 'தரக் கட்டுப்பாடு'தான். கார் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று பார்க்க, சின்ன ஸ்பீக்கரில் போட்டுச் சோதிப்பார்கள். ஊரே கார் ஊர் ஆயிற்றே!

ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, டயானா ராஸ், டெம்டேஷன்ஸ் குழு, குழந்தைகளாக வந்த ஜாக்சன் சகோதரர்கள் எல்லாரும் மோட்டவுன் மூலமாக உலகத்துக்கு வந்தவர்கள்தான்.

பெயர் போடாத வாத்தியக்காரர்கள்

இந்தப் பாடகர்களில் பெரும்பாலோருக்குப் பின்னால் வாசித்தது ஏறக்குறைய ஒரே கூட்டம். 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று தங்களுக்குள் அழைத்துக்கொண்ட வாத்தியக்காரர்கள். பகலில் ஸ்டுடியோ, ராத்திரியில் மதுக்கூடங்களில் ஜாஸ் என்று வாசித்தவர்கள். இவர்களில் பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை இன்றைக்கும் உலகத்து பேஸ் கிட்டார்காரர்கள் குருவாக நினைக்கிறார்கள். ஆனால் அந்த இசைத்தட்டுகளின் உறையில் பல ஆண்டுகள் இவர்கள் பெயரே வரவில்லை. 1971ல் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் முறையாகப் பெயர் வந்தது.

கோடம்பாக்கம் தெரிந்த நமக்கு இது புது விஷயமில்லை. டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல் என்று இளையராஜாவின் கச்சேரிகளைக் கவனிக்கிறவர்கள் சில பெயர்களைச் சொல்லுவார்கள். ஆனால் எத்தனை ஆயிரம் பாட்டுகளில் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று படத்தின் டைட்டில் கார்டு சொன்னதில்லை.

ஃபங்க் என்றால் என்ன என்று கேட்கலாம். தாளத்தின் முதல் அடியை, நம்மூர் வித்வான்கள் 'சமம்' என்பார்களே, அதை எல்லா வாத்தியமும் சேர்ந்து அழுத்திப் பிடிக்கும். மற்ற அடிகளில் ஆளுக்கொரு சந்தில் புகுந்து விளையாடும். பாடகர் பாடாவிட்டாலும் பரவாயில்லை. பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் பேசிக்கொண்டால் போதும், உட்கார்ந்திருப்பவரின் கால் தானாக ஆடும். ஆடி மாதத்தில் நம் பக்கத்து அம்மன் கோயிலில் பம்பையும் உடுக்கையும் எதிரெதிரே நின்று அடிக்கும்போது நடப்பது என்னவோ, அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஃபங்க்.

விருச்சிக ராசிக்காரர்

இந்தக் கூட்டத்துக்கு 1968 வாக்கில் வந்து சேர்ந்தார் ஒரு வெள்ளைக்கார இளைஞர், டென்னிஸ் காஃபி. 1940ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே இசைத்தட்டுக்குக் கிட்டார் வாசித்தவர். காலால் மிதித்தால் கிட்டாரின் ஓசை 'வாவ் வாவ்' என்று வாய் திறந்து மூடுவதுபோல ஆகும் ஒரு பெடல் அப்போது புதிது. காஃபி அதை மோட்டவுன் ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்தார். தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்டு அந்த ஓசையைக் கேட்டு, டெம்டேஷன்ஸ் குழுவின் 'கிளவுட் நைன்' பாட்டில் பயன்படுத்தினார். மோட்டவுனுக்கு முதல் கிராமி விருது வாங்கித் தந்த பாட்டு அது. எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் படங்களில் கிளப் பாட்டோ துரத்தல் காட்சியோ வந்தால் கிட்டார் அப்படி 'வாவ்' என்று இழுக்குமே, அந்த ஓசையின் சொந்தக்காரர்களில் இவரும் ஒருவர்.

1971ல் காஃபி தன் பெயரில் ஒரு வாத்திய இசை வெளியிட்டார். பாடகரே கிடையாது. கிட்டார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பதிந்து, நடுவில் பாப் பாபிட்டின் பேஸ் கிட்டாருக்குத் தனி இடம் விட்ட அந்த உருப்படியின் பெயர் 'ஸ்கார்பியோ'. விருச்சிகம். நவம்பர் 11ல் பிறந்த காஃபியின் ராசியும் அதுதான். ஒரகடம் சாலையில் ஸ்கார்பியோ என்றால் எல்லாரும் ரோட்டைப் பார்ப்பார்கள். டெட்ராய்ட்டில் ரேடியோவின் ஒலியைக் கூட்டினார்கள். பத்து லட்சம் இசைத்தட்டு விற்று, அமெரிக்கப் பட்டியலில் 6ம் இடம்வரை போனது. பின்னாளில் ஹிப்ஹாப் கலைஞர்கள் அதன் தாளத்தை வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டுகளுக்கு அடித்தளமாகப் போட்டுக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவர் அதற்குப் பிறகு எங்கே போனார்?

கார்த் தொழிற்சாலைக்கு.

மெஷின் முன்னால் ஒரு கிட்டார்க்காரர்

1972ல் மோட்டவுன் கம்பெனி டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. ஸ்டுடியோவுக்கு வேலைக்கு வந்த வாத்தியக்காரர்கள் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டதாக ஊரில் இன்றும் சொல்வார்கள். ஜேமர்சன் பின்னாலேயே போனார். காலம் அங்கே அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1983ல், 47 வயதில் இறந்தார்.

கார்க் கம்பெனிகளும் ஆலைகளை ஒவ்வொன்றாக வேறு ஊர்களுக்கு நகர்த்தின. 1950ல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த டெட்ராய்ட்டில் 2010ல் 7 லட்சம் பேர்தான் மிச்சம். 2013ல் நகராட்சியே திவால் மனு கொடுத்தது.

காஃபியும் வெளியூர்களில் சுற்றிவிட்டு எண்பதுகளில் டெட்ராய்ட்டுக்குத் திரும்பினார். இசையில் வருமானம் வற்றியிருந்தது. கார்த் தொழிற்சாலையில் அசெம்பிளி லைன் வேலைக்குப் போனார். பத்து லட்சம் இசைத்தட்டு விற்றவர் ஷிஃப்டுக்கு நின்றார். அதோடு முடங்கவில்லை. வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்துப் பட்டம் வாங்கி, கார்த் துறையிலேயே தொழிலாளர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு உயர்ந்தார். கிட்டாரை மட்டும் கீழே வைக்கவில்லை. ஊரில் ஒரு சின்ன மதுக்கூடத்தில் வாராவாரம் செவ்வாய்க்கிழமை இரவு வாசித்துக்கொண்டே இருந்தார்.

2011ல், தன் எழுபதாவது வயதில், ஒரு புதிய தனி ஆல்பம் வெளியிட்டார். வேறு பெயர் யோசிக்கவில்லை. 'டென்னிஸ் காஃபி' என்றே வைத்தார். லண்டனைச் சேர்ந்த ஸ்ட்ரட் நிறுவனம் வெளியிட்டது. தன் பேரன் வயதுள்ள பாடகர்களைக் கூட்டிவந்து பாடவைத்திருந்தார். பழைய டெட்ராய்ட் பாட்டுகள் சில, புதிய வாத்திய உருப்படிகள் சில. அந்த 'வாவ்' அப்படியே இருந்தது.

காஃபியின் கதையில் இன்னொரு கிளைக்கதை உண்டு. 1970ல் அவரும் மைக் தியோடரும் சேர்ந்து ரோட்ரிகஸ் என்ற டெட்ராய்ட் பாடகரின் முதல் ஆல்பமான 'கோல்டு ஃபேக்ட்'டைத் தயாரித்தார்கள். அமெரிக்காவில் விற்கவே இல்லை. ரோட்ரிகஸ் பழைய கட்டடங்களை இடிக்கும் கூலி வேலைக்குப் போய்விட்டார். ஆனால் கடல் தாண்டித் தென்னாப்பிரிக்காவில் அந்த ஆல்பம் வீட்டுக்கு வீடு ஒலித்தது. அது அவருக்கே தெரியாது! 1998ல் அங்கே போய் மேடை ஏறியபோது அரங்கம் நிறைந்திருந்தது. அவரைத் தேடிய கதையைச் சொன்ன 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' ஆவணப்படம் 2013ல் ஆஸ்கர் வாங்கியது.

வாலாஜாபாத் சாலையின் மறுமுனை

சரி, நம்ம டெட்ராய்ட்டுக்கு ஒரு பாட்டு இருக்கிறதா?

இருக்கிறது, கொஞ்சம் தேடவேண்டும். சேரப்பணஞ்சேரியிலிருந்து இதே சாலையில் மேற்கே போனால் ஒரகடம், வாலாஜாபாத், அப்புறம் காஞ்சிபுரம். அந்தக் காஞ்சிபுரத்துக் கிராமங்களின் ராத்திரி இசை கூத்து. ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை, விடிய விடிய பாரதக் கதை. கூத்துக்காரர்களில் பலர் பகலில் விவசாயம், தறி, கூலி வேலை பார்ப்பவர்கள். இரவில் அர்ஜுனன், துரியோதனன், திரௌபதி.

பெருங்கட்டூர் பொ. ராஜகோபால் இந்தக் கலையில் பிறந்து வளர்ந்தவர். கூத்துக்காரர்களைத் திரட்டி 1990ல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார். 2002ல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் ஒரு குருகுலம். பிள்ளைகள் பள்ளிப் பாடமும் படித்து, கூத்தும் பயின்றார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் அது பெரிய மாற்றம். 2020ல் குருகுலம் மூடப்பட்டது.

வயதான கலைஞர் தன் பெயரில் புதிதாக ஒன்றைக் கொடுப்பதற்கும் நம்மிடம் ஆள் இருக்கிறது. படங்களுக்கு அப்பால் 1986லேயே 'ஹவ் டு நேம் இட்' என்ற தனி ஆல்பம் தந்த இளையராஜா, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது வயது 81. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு தொழிலாளர் கூட்டங்களில் பாடத் தொடங்கியவர் அவர்.

ஆனால் ஒரகடத்துக்கென்று, ஸ்ரீபெரும்புதூருக்கென்று, ஷிஃப்ட் பஸ்ஸில் போகிறவர்களுக்கென்று ஒரு பாட்டு? அது இன்னும் செல்போனுக்குள் ஆளுக்கொன்றாகத்தான் இருக்கிறது.

பாட்டு எங்கே முளைக்கும்?

டெட்ராய்ட்டில் பாட்டு வந்தது மந்திரத்தால் அல்ல. அதற்குச் சில சாதாரணக் காரணங்கள் இருந்தன.

முதலாவது, சம்பளம். கார்த் தொழிலாளியால் சொந்த வீடு வாங்க முடிந்தது, தவணையில் ஒரு பியானோவும் வாங்க முடிந்தது. வேலைக்கு வந்தவர் குடும்பத்தோடு தங்கினார்; அவர் பிள்ளைகள் அந்த ஊர்ப் பிள்ளைகளாக வளர்ந்தார்கள். இரண்டாவது, பள்ளிக்கூடம். டெட்ராய்ட் அரசுப் பள்ளிகளில் இசை ஆசிரியர்கள் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு வாத்தியம் கையில் கிடைத்தது. மூன்றாவது, கூடுமிடம். ஞாயிறு காலை சர்ச், சனி இரவு கிளப். ஷிஃப்ட் முடிந்தவர் கேட்கப் போக ஓர் இடம், வாசிக்கிறவர் நின்று வாசிக்க ஒரு மேடை.

இந்த மூன்றையும் சேரப்பணஞ்சேரிப் பக்கம் வைத்துப் பார்த்தால் நிலைமை புரியும். இங்கே மெஷின் முன்னால் நிற்பவர்களில் கணிசமானவர்கள் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள், டிரெய்னிகள். விழுப்புரம், திருவண்ணாமலை, மதுரை, திருநெல்வேலி என்று பல மாவட்டத்துப் பிள்ளைகள். பீகார், ஒடிசா, ஜார்கண்ட், அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள். ஒரே அறையில் நான்கைந்து பேர். பகல் ஷிஃப்ட்காரர் எழுந்த பாயில் நைட் ஷிஃப்ட்காரர் படுப்பார். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த ஊர். ஊரோடு உறவு பிடிக்கும் முன் பெட்டி கட்டவேண்டிய வாழ்க்கையில் தவணைக்கு பியானோ வாங்குவது எங்கே?

ஆலைகளும் நிரந்தரமல்ல என்பதை இந்தப் பகுதி பார்த்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ம் தேதி நின்றது. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்களில் பெண்கள் அதிகம். பலருக்கு அது முதல் வேலை, முதல் சம்பளம். மறைமலைநகரில் ஃபோர்டு 2022ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. மோட்டவுன் ஸ்டுடியோ கதவின் முன்னால் நின்ற வாத்தியக்காரரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாற்றமும் நடக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் சார்பில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். ஒரு சின்ன நகரத்தின் மக்கள்தொகை அளவுக்குப் பெண்கள் ஒரே வளாகத்தில்! அவர்களில் எத்தனை பேருக்குப் பாட வரும், எத்தனை பேர் பள்ளி ஆண்டுவிழாவில் பரிசு வாங்கியிருப்பார்கள், எத்தனை பேர் ஊர்த் திருவிழாவில் கும்மி அடித்திருப்பார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் மாலை, ஒரு ஹார்மோனியம், இரண்டு தோல் வாத்தியம், ஒரு மைக் கிடைத்தால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம். புது ஆலை கட்டும் செலவில் அது ஒரு போல்ட்டு விலைகூட இராது.

பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு பாட்டு ஆசிரியர். பஞ்சாயத்துக்கு ஒரு திறந்தவெளி மேடை. ஆடித் திருவிழாவில் சினிமா கச்சேரிக்கு முன்னால் ஊர்ப் பம்பைக்காரருக்கும், ரூமில் தங்கியிருக்கும் ஒடியா டோலக் பையனுக்கும் அரை மணி நேரம். கேட்டால் சின்ன விஷயம்தான். டெட்ராய்ட்டிலும் அது ஒரு வீட்டின் பின்கட்டில்தான் தொடங்கியது.

எப்படிப் போகலாம், என்ன பார்க்கலாம்?

தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத், காஞ்சிபுரம் செல்லும் பஸ்கள் சேரப்பணஞ்சேரி வழியாகப் போகும். புறநகர் ரயிலில் வருகிறவர்கள் சிங்கப்பெருமாள்கோவிலில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஒரகடம் வரலாம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலை நெரிசலாக இருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. தொழிற்சாலைகளுக்குள் பொதுவாகப் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

மழைக்காலம் முடிந்த கையோடு போனால் ஏரிகள் நிரம்பியிருக்கும். ஒரகடத்திலிருந்து வடக்கே திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர். 1017ல் ராமானுஜர் அவதரித்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் சித்திரைத் திருவாதிரையை ஒட்டி நடக்கும் உற்சவத்தில் பிரபந்த கோஷ்டியும் நாதஸ்வரமும் கேட்கக் கிடைக்கும். 1991 மே 21ல் ராஜீவ் காந்தி உயிரிழந்த இடத்தில் அமைந்த நினைவகமும் இங்கேதான்.

மேற்கே போனால் காஞ்சிபுரம். பங்குனி, சித்திரை தொடங்கி ஆடிவரை கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். சாலையோரச் சுவரொட்டியைக் கவனித்தால் போதும். இரவு பத்து மணிக்குமேல் தொடங்கும். ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி வெள்ளியில் ஒரகடம் பக்கம் போக வாய்த்தால், ஏதாவது ஓர் அம்மன் கோயில் வாசலில் பம்பைச் சத்தம் கேட்கும். கொஞ்சம் ஒதுங்கி நின்று கூட்டத்தைப் பாருங்கள். நைட் ஷிஃப்டுக்குப் போக யூனிஃபார்மில் நிற்கும் ஒரு பையன், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, பஸ் வரும்வரைக்கும் அந்த முதல் அடிக்குக் காலைத் தட்டிக்கொண்டிருப்பான்.